960 பேலட் இடமும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது: இன்னொரு குடோன் எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

#1 கிடங்குப்பொறுப்பு

வணக்கம். டெலிவரி கிடங்கு ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. கட்டடம் 45 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், கூரைவரை 9 மீட்டர் உயரம். சாதாரண பேலட் ரேக்தான் (பேலட் என்பது சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்கும் தட்டையான மேடை). ஐந்து நடைபாதை, பத்து வரிசை, தரையையும் சேர்த்து நான்கு தட்டு, மொத்தம் 960 பேலட் இடம். கணினி 930 நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 62 பேலட் உள்ளே வருகிறது, ஏறக்குறைய அதே அளவு வெளியே போகிறது.

காலையில் வரும் சரக்கை வைக்க இடமில்லாமல் நடைபாதையிலேயே இறக்குகிறோம். மாலையில் வண்டி ஏற்றும்போது அதே சரக்கு காலை இடறுகிறது. ஒரு பேலட்டை வெளியே எடுக்க மூன்று பேலட்டை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன்கள் நாள் முழுக்க ஓடியும் வண்டி நேரத்துக்குக் கிளம்புவதில்லை.

பக்கத்தில் இன்னொரு குடோன் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே ஆர்டருக்குப் பாதிச் சரக்கு இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிட்டால் பாடு இரட்டிப்பாகும். அதற்கு முன் இருக்கிற இடத்திலேயே என்னென்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வண்டித்தடம்

டிரைவ்-இன் ரேக், அதாவது ஃபோர்க்லிஃப்ட்டே உள்ளே நுழைந்து ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் ரேக் போடுங்க. நடைபாதை பாதியாகிவிடும், அந்த இடமெல்லாம் சரக்கு வைக்கக் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

#3 அளவுகோல்

வண்டித்தடம் சொல்வது சில சரக்குக்கு நன்றாகவே பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பது எத்தனை வகைச் சரக்கு, வகைக்கு எத்தனை பேலட் என்பதைப் பொறுத்தது. டிரைவ்-இன்னில் ஒரு சந்து ஐந்து பேலட் ஆழம், நான்கு தட்டு என்று வைத்துக்கொண்டால் 20 பேலட் பிடிக்கும். அந்த இருபதும் ஒரே பொருளாக இருக்க வேண்டும். ஏழு மீந்திருக்கும்போது மற்ற பதின்மூன்று இடமும் காலிதான், ஆனால் வேறு பொருளை அதில் வைக்க முடியாது, பின்னால் இருப்பதற்கு வழி அடைபட்டுவிடும். தேனடை ஓட்டை என்று இதைத்தான் சொல்வார்கள். போதாததற்கு, கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். காலாவதித் தேதி உள்ள சரக்கு என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ரேக்கை மாற்றுவதெல்லாம் பிறகு. முதலில் அளவெடுங்கள். நான் எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதல் நாள் செய்வது ஒன்றுதான்: கையில் டேப், கண்ணை மூடிக்கொண்டு நாற்பது பேலட்டைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொன்றிலும் சரக்கு எவ்வளவு உயரம், அதற்கு மேல், அடுத்த தட்டைத் தாங்கும் பீம் வரை எவ்வளவு காற்று. அதைச் செய்துவிட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் பேலட் அளவும், தட்டுக்கு எவ்வளவு உயரம் என்பதும் வேண்டும்.

#4 கிடங்குப்பொறுப்பு

சுமார் 400 வகைச் சரக்கு. பெரும்பாலானவற்றில் இரண்டு, மூன்று பேலட்தான். இருபதுக்கு மேல் இருப்பது நான்கே நான்கு பொருள்.

பேலட் 1200 × 1000 மி.மீ. தட்டு ஒவ்வொன்றும் 1.8 மீட்டர். நாற்பதை இன்று மதியமே அளந்துவிட்டேன். சரக்கின் சராசரி உயரம் 0.9 மீட்டர்! நெஞ்சு பாதி அடைத்துவிட்டது. தினமும் அதே பாதையில்தான் நடக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

#5 அளவுகோல்

இனி கணக்கு சுலபம். 930 பேலட், ஒவ்வொன்றும் 1.2 சதுர மீட்டர், 0.9 மீட்டர் உயரம். ஏறத்தாழ 1000 கன மீட்டர் சரக்கு. கட்டடத்தின் கொள்ளளவு 45 × 32 × 9, அதாவது 12,960 கன மீட்டர். எட்டு சதவீதம்கூடச் சரக்கில்லை. மிச்சமெல்லாம் நடைபாதை, ஏற்றுமிடம், காற்று.

நடைபாதையும் ஏற்றுமிடமும் வேண்டும்தான், அவற்றை விட்டுவிடலாம். ரேக்குக்கு உள்ளேயே பாதி காற்று என்பதுதான் உறுத்த வேண்டிய விஷயம். குடோன் வாடகையைத் தரைப் பரப்புக்குக் கொடுப்பதால் நம் கண்ணும் தரையிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 960-ல் 930 போனால் மிச்சம் 30 இடம். காலையில் வருவதோ 62 பேலட். வந்ததில் பாதிக்குமேல், வேறொன்று வெளியே போகும்வரை நடைபாதையில் நின்றுதான் ஆக வேண்டும். பையன்களின் மேல் தவறே இல்லை. 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்று இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இடம் நகர்த்தலுக்கும் வேண்டும். கடைசிச் சதுரமும் நிரம்பிவிட்டால் எந்தக் காயை நகர்த்துவது?

#6 ஸ்கேன்கை

நான் மேனேஜர் கிடையாது, பிக்கிங்ல, அதாவது ஆர்டருக்குச் சரக்கு எடுத்துக் குடுக்கற வேலைல, எட்டு வருஷமா இருக்கேன். ஒண்ணு கேக்கறேன் சார். கம்ப்யூட்டர்ல 930-ன்னு காட்டுதே, அத்தனையும் நெஜமாவே இருக்கான்னு பாத்தீங்களா? அவசரத்துல கடைசிப் பெட்டிய எடுத்துட்டு ஸ்கேன் பண்ணாம போயிடுவோம். அந்த இடம் கம்ப்யூட்டருக்கு நெறஞ்சது, கண்ணுக்குக் காலி. யாரும் அங்க எதையும் வைக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. மேல் தட்டுன்னா மாசக்கணக்கா அப்படியே கெடக்கும். எங்க எடத்துல ராத்திரி ஷிப்டுல டார்ச் அடிச்சுப் பாத்தப்ப இப்படி நெறைய கெடச்சுது.

இன்னொண்ணு, ஒரே சரக்கு மூணு எடத்துல அரை அரை பேலட்டா இருக்கும். புதுசு வந்ததும் ஒடச்சு எடுப்போம், பழைய அரை அப்படியே நிக்கும். அதைச் சேத்து வைக்க யாருக்கும் நேரம் ஒதுக்கறதே இல்ல. சேத்து வைக்கிறதும் வேலைதான்னு கணக்குல எடுத்துக்கிட்டாத்தான் அது நடக்கும்.

#7 ரேக்குமுனை

ஸ்கேன்கை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

தட்டு உயரத்தை மாற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை. பீமைக் கழற்றி மாட்டுவது கைவேலைதான், ஆனால் ரேக்கின் தாங்கும் திறன் அதோடு மாறுகிறது. நிற்கும் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பது பீம்களுக்கு இடையிலான உயரத்தைப் பொறுத்தது. அதிலும் தரையிலிருந்து முதல் பீம் வரையுள்ள நீளம் மிக முக்கியம். இடைவெளி குறைந்தால் தூண் வளைவது குறையும். அதே சமயம் தட்டு கூடினால் மொத்தச் சுமை ஏறும், தூணின் அடித்தகடு வழியாகத் தரைமேல் விழும் அழுத்தமும் ஏறும். வரிசை முனையில் தொங்கும் சுமைப் பலகையில் இருக்கும் எண், அந்தப் பழைய அமைப்புக்கு மட்டுமே. ரேக் செய்தவர்களிடம் புது அமைப்பைக் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, புதுப் பலகை மாட்டிய பிறகுதான் சரக்கை ஏற்ற வேண்டும். நாமே போட்ட கணக்கை நம்பி ஏற்றாதீர்கள்.

மேலே எவ்வளவு வரை போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே சாதாரண வகை என்றால் 457 மி.மீ, தீயை ஆரம்பத்திலேயே அடக்க அதிகத் தண்ணீர் பாய்ச்சும் ஈஎஸ்எஃப்ஆர் வகை என்றால் 914 மி.மீ காலியாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 13 சொல்வது. தண்ணீர் விரிந்து விழ அந்த வெளி வேண்டும். அதேபோல முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கும் சந்தும் வீண் இடம் அல்ல. தீப்பிடித்தால் சூடு மேலேறி ஸ்பிரிங்க்ளரைத் திறப்பதும், தண்ணீர் கீழே இறங்குவதும் அதன் வழியாகத்தான். அதில் அட்டையைச் செருகி வைக்கும் பழக்கத்தை எங்கே கண்டாலும் எனக்குப் பதறும்.

#8 வண்டித்தடம்

400 வகை என்றால் என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்களிடம் ஆறே பொருள், அதனால் சரிப்பட்டது. அந்த நான்கு பெரிய பொருளுக்கு மட்டும் தனியாகப் போடலாம்.

அது சரி, ரீச் டிரக் (குறுகலான பாதையிலேயே திரும்பி, முள்ளை முன்னே நீட்டி எடுக்கும் வண்டி) யோசித்தீர்களா? இப்போது நடைபாதை எவ்வளவு?

#9 கிடங்குப்பொறுப்பு

3.6 மீட்டர். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் திரும்ப அது வேண்டும். ரீச் டிரக் என்றால் 2.8 போதும் என்கிறார்கள்.

#10 அளவுகோல்

பாதைக்கு 0.8 மீட்டர், ஐந்து பாதைக்கு 4 மீட்டர் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு பாதையும் அதன் இரு பக்கமும் வரிசையும் போட 2.8 + 1.1 + 1.1, அதாவது 5 மீட்டர் வேண்டும். கிடைப்பது 4 தான். சுவரோரம் ஒற்றை வரிசை ஒன்றும் அதற்கு ஒரு பாதையும் போட 3.9 மீட்டர், அது மட்டும் நெருக்கிப் பிடித்து உட்காரும். மற்ற வரிசைகளைப் போலவே 24 நெடுவரிசை (ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடங்கள்), நான்கு தட்டு, ஆக 96 இடம். அதற்காக எல்லா ரேக்கையும் பிரித்து நகர்த்தி, தரையில் மறுபடி போல்ட் அடித்து, புது வண்டி வாங்கி, ஓட்டுநருக்குப் பயிற்சி கொடுத்து... இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பாதையில் மிச்சமாகும் அகலம் ஒரு முழு வரிசையாகச் சேர்ந்தால்தான் பலன். அரை வரிசைக்கு இடம் கிடைத்தால் அது வெறும் அகலமான நடைபாதை.

இதைவிட ஆழமான ஒன்று உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 62 பேலட் வருகிறது, 930 பேலட் நிற்கிறது. வகுத்தால் 15. அதாவது ஒரு பேலட் சராசரியாக உங்கள் கிடங்கில் 15 நாள் தங்குகிறது. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது: உள்ளே நிற்பது, வரும் வேகத்தையும் தங்கும் காலத்தையும் பெருக்கினால் வருவது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், குடோனுக்கும் பொருந்தும். சராசரித் தங்கலில் இரண்டு நாள் குறைந்தால் 124 இடம் காலியாகும். ஒரு பீமைக்கூட நகர்த்த வேண்டாம், ஒரு வண்டியும் வாங்க வேண்டாம். ரீச் டிரக் தருவதைவிட அது அதிகம்.

எது 3 நாளில் போகிறது, எது 90 நாளாக அசையவில்லை என்று தங்கல் கணக்கு எடுங்கள். இடப்பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காலத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

#11 ஸ்கேன்கை

90 நாள் சரக்குன்னதும் ஞாபகம் வருது. அது எப்பவும் கீழ்த் தட்டுலதான் இருக்கும். ஏன்னா வந்தப்ப கீழ காலியா இருந்துச்சு. தெனமும் ஓடற சரக்கு மேல உக்காந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் ஃபோர்க்லிஃப்ட்டுக்குக் காத்திருக்கணும். காத்திருக்கற நேரத்துல நடைபாதையில கூட்டம். எடம் பத்தலைங்கற சத்தத்துல பாதி அந்தக் கூட்டத்தோட சத்தம்தான்.

#12 அளவுகோல்

சரியாகச் சொன்னீர்கள். ஜேம்ஸ் ஹெஸ்கெட் 1963-ல் இதற்கென்றே ஒரு அளவீட்டைக் கொடுத்தார்: பொருள் பிடிக்கும் கன அளவை, அதற்கு வரும் ஆர்டர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குறைந்த எண் வருவது வாசலுக்கு அருகே, கைக்கு எட்டும் உயரத்தில். அதிக எண் வருவது தூரத்தில், மேலே. அடிக்கடி போகும் பொருள் என்று மட்டும் பார்த்தால், பெரிய உருப்படிகளே வாசலை அடைத்துவிடும். இடத்தையும் சேர்த்து வகுப்பதில்தான் இதன் அழகு.

இன்னொரு கேள்வி, பொறுப்பு நண்பரே. ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

#13 கிடங்குப்பொறுப்பு

ஆமாம். இது இந்தப் பொருளின் இடம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஆட்களுக்கு மனப்பாடமாக இருப்பது வசதி. அதை மாற்றினால் குழம்பிவிடுவார்களோ என்று பயம்.

#14 அளவுகோல்

அந்த வசதிக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். முப்பது பொருள், ஒவ்வொன்றும் உச்சத்தில் 10 பேலட். நிலையான இடம் என்றால் 300 ஒதுக்க வேண்டும். ஆனால் ஒரு பொருள் வந்த அன்று பத்து, பிறகு எட்டு, ஐந்து, இரண்டு என்று குறைந்து தீரும்போதுதான் அடுத்த லோடு வருகிறது. சராசரி ஐந்துதான். முப்பதும் ஒரே நாளில் உச்சத்தில் இருப்பதில்லை. காலியான எந்த இடத்திலும் எதையும் வைக்கலாம் என்று விட்டால், 150-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

அமேசான் கிடங்குகளில் ஒரே அலமாரியில் சம்பந்தமே இல்லாத பொருள்கள் அடுத்தடுத்து இருப்பது இந்த முறையில்தான். மனிதர் நினைவில் வைக்க வேண்டியதை ஸ்கேனர் நினைவில் வைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஸ்கேன் ஒழுங்கு பிசகினால் சரக்கு கிடங்குக்குள்ளேயே தொலைந்துபோகும். ஸ்கேன்கை சொன்னதுபோல் கணினியில் நிறைந்தும் கண்ணுக்குக் காலியாகவும் இருக்கும் பேய் இடங்கள் உங்களிடம் எத்தனை என்று தெரியாமல் இதில் இறங்காதீர்கள். முதலில் எண்ணிக்கை, பிறகு சுதந்திரம். எடுக்கும் இடமாகக் கீழ்த் தட்டை நிலையாக வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் கூடுதல் இருப்பை மட்டும் எங்கும் வைக்கலாம் என்று விடுவது நடுவழி. உங்கள் ஆட்களுக்கும் அது எளிது.

#15 வண்டித்தடம்

எல்லோரும் ரேக்கையே பேசுகிறீர்கள். டெலிவரி கிடங்கில் இடத்தைத் தின்பது ஏற்றுமிடம். நான் வண்டிப் பக்கத்து ஆள், அதைச் சொல்கிறேன்.

எத்தனை ரூட்? எல்லா ரூட்டின் சரக்கையும் ஒரே சமயத்தில் தரையில் பரப்பி வைக்கிறீர்களா?

#16 கிடங்குப்பொறுப்பு

14 ரூட். ரூட்டுக்கு 12 சதுர மீட்டர் கோடு போட்டிருக்கிறோம், மொத்தம் 168. மாலை நான்கு மணிக்கு எல்லாம் எடுத்து வைத்திருப்போம். வண்டிகள் ஐந்திலிருந்து எட்டுவரை வரும்.

#17 வண்டித்தடம்

அப்படியென்றால் எட்டு மணி வண்டியின் சரக்கு நான்கு மணி நேரம் தரையில் சும்மா கிடக்கிறது. இரண்டு அலையாகப் பிரியுங்கள். ஐந்து மணி வண்டி ஏழு, ஏழு மணி வண்டி ஏழு. முதல் ஏழு கிளம்பிய கோட்டிலேயே இரண்டாவது ஏழு இறங்கும். 168-க்குப் பதில் 84 போதும். பிக்கிங்கும் அதே வரிசையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் பலன் இல்லை.

வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுத்து அதைக் கண்டிப்பாக நடத்துங்கள். தாமதமாக வரும் ஒரு வண்டி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இருப்பவர் எல்லோரும் தவிப்பார்கள். பிறகு, கடைசியாக இறக்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். கோட்டில் அடுக்கும்போதே அந்த வரிசையில் அடுக்கிவிட்டால் வண்டி வாசலில் மறுபடி பிரித்து அடுக்கும் கூத்து இருக்காது. முடிந்தால் சக்கரக் கூண்டில் ஏற்றுங்கள். தரையில் பெட்டியை இடுப்பளவுக்கு மேல் அடுக்க முடியாது, கூண்டில் ஆள் உயரம் வரை நிற்கும்.

#18 பெட்டிக்கணக்கு

புதிதாக வந்தவன், ஒரே ஒரு விஷயம். அட்டைப்பெட்டி அளவைப் பாருங்கள். 600 × 400 பெட்டி 1200 × 1000 பேலட்டில் அடுக்குக்கு ஐந்து, இடைவெளியே இல்லாமல் உட்காரும். பெட்டி ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ கூடி 620 × 420 ஆனால், வெளியே நீட்டாமல் மூன்றுதான் வைக்க முடியும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் புரியும். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத வித்தியாசம், பேலட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. வெளியே நீட்டினாலோ அடிப்பெட்டி மூலை நசுங்கும், ரேக்கில் பக்கத்துப் பேலட்டோடு உரசும்.

#19 கிடங்குப்பொறுப்பு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி என்பதைவிட, செய்ததைச் சொல்வதுதான் மரியாதை.

முதலில் முழு எண்ணிக்கை எடுத்தோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஸ்கேன்கை சொன்ன பேய் இடங்கள் 19. அரை அரையாக நின்றதைச் சேர்த்து வைத்ததில் 25 இடம். 90 நாளாக அசையாதது 112 பேலட் இருந்தது. பட்டியலை விற்பனைப் பிரிவின் மேஜையில் வைத்து, திருப்பி அனுப்புவதை அனுப்பி, விலை குறைத்து விற்பதை விற்றதில் 71 போய்விட்டது. மிச்சம் 41-க்கு இன்னும் முடிவு சொல்லவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆக 930 இப்போது 815.

ரேக் செய்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு வரிசைக்கு ஆறு தட்டு கேட்டோம். எங்கள் தூணுக்கு ஐந்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். 80 நெடுவரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு கூடி 80 இடம் ஏறியது. 1040-ல் 815, அதாவது 78 சதவீதம். நடைபாதையில் ஒரு பேலட் இல்லை. தரையில் அடித்த மஞ்சள் கோட்டை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டு அலை ஏற்றுதல் இன்னும் தடுமாறுகிறது. முதல் அலை சரியாகப் போகிறது, இரண்டாவதில் பிக்கிங் பின்தங்குகிறது. பெட்டி அளவு பற்றி மூன்று சப்ளையருக்கு எழுதியிருக்கிறோம், ஒருவர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடோன் வாடகைப் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு கவலை. நடைபாதை காலியானதும், ஆறாவது வரிசையில் ஒரு தூண் அடியில் இடிபட்டு வளைந்திருப்பது தெரிந்தது. முன்னால் எப்போதும் பேலட் நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. எந்த நாளில் இடித்தது என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

#20 ரேக்குமுனை

இதைப் படித்தவுடன் எழுதுகிறேன். ஒரு மீட்டர் நீள நேர்க்கோலைத் தூணோடு ஒட்டி வையுங்கள், வளைவின் ஆழத்தை நடுவில் அளவெடுங்கள். ஐரோப்பியத் தரம் இஎன் 15635-ன்படி, பீம் போகும் திசையில் வளைந்திருந்தால் 5 மி.மீ, ரேக்கின் ஆழத் திசையில் என்றால் 3 மி.மீ வரை கண்காணிப்போடு விடலாம். அதைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டும், ஒருமுறை இறக்கிவிட்டால் சரிசெய்யும்வரை மறுபடி ஏற்றக் கூடாது. அந்த அளவின் இரண்டு மடங்கைத் தாண்டினால் சிவப்பு. உடனே இறக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

அந்தத் தூண் இரண்டு பக்கத்து அடுக்கையும் தாங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். மறுபக்கத்தின் சுமையிலேயே தூண் மடிந்தது. மதிய உணவு நேரமாக இருந்ததால் கீழே யாரும் இல்லை. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த ஒருவரையும் விடாதீர்கள். தூணை மாற்ற வேண்டும்.

#21 கிடங்குப்பொறுப்பு

பீம் திசையில் 12 மி.மீ. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இறக்கிவிட்டோம், நாடா கட்டியாயிற்று. தூணுக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரை 16 இடம் காலி. இன்று காலை 70 பேலட் வந்தது, அத்தனையும் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது.